நுரை, அழுக்கு, வெயில்: வடசென்னை கேட்ட கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்தவன். முப்பத்தாறு வருடம் சோப்புத் தண்ணீரையும் அதற்குள் ஒளிரும் மூலக்கூறுகளையும் பார்த்தே சம்பளம் வாங்கினேன். படித்தது இயற்பியல் வேதியியல்; அதற்குள் சர்ஃபாக்டன்ட் (சோப்பு மாதிரிச் சரக்கு), கூழ்மம் (பால் மாதிரி நுண்துகள் மிதக்கும் திரவம்), ஒளி வேதியியல் என்று மூன்று தெருவில் சுற்றியவன். ஓய்வுக்குப் பிறகு தண்டையார்பேட்டையில் ஜாகை. ‘கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்’ என்று சொன்னதற்கு நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நீட் கோச்சிங் பற்றிக் கேட்ட மூன்று பேரும் மன்னிக்கவும்.

காசிமேடு, விசைப்படகில் போகிறவர்: சார், தங்குகடல் போனா குடிக்கிற தண்ணி அளவாத்தான் இருக்கும். குளிக்கிறது கடல் தண்ணியிலதான். சோப்பு போட்டா நுரையே வராது, உடம்பெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கும். ஷாம்பு மட்டும் நுரைக்குது. ஏன் சார்?

இரண்டும் வேறு வேறு சரக்கு தம்பி. சோப்பு என்பது எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து பிறந்த உப்பு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் ஒரு தலை, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் ஒரு நீள வால். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் கால்சியம் ஏறக்குறைய 0.4 கிராம், மக்னீசியம் 1.3 கிராம். ஒரு கால்சியம் வந்து இரண்டு சோப்புத் தலைகளைப் பிடித்துக்கொண்டால் அது கரையாது. வெள்ளைப் பிசுக்காக உங்கள் தோலில் உட்கார்ந்துவிடும். போதாததற்கு, சாதாரண உப்பே சோப்பைத் தண்ணீரிலிருந்து வெளியே தள்ளும். சோப்புக் காய்ச்சுகிற இடத்தில் கொதிக்கிற கடாயில் உப்பைக் கொட்டித்தான் சோப்பை மேலே மிதக்கவிட்டுப் பிரிப்பார்கள். நீங்கள் அந்தக் கடாய்க்குள் நின்று குளிக்கிறீர்கள்.

ஷாம்பின் தலை சல்ஃபேட். கால்சியம் பிடித்தாலும் அவ்வளவு சுலபமாகப் படியாது. அதனால் நுரைக்கிறது. சோப்புதான் வேண்டும் என்றால் தேங்காய் எண்ணெய் அதிகம் சேர்த்த சோப்பு வாங்குங்கள். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். பன்னிரண்டு கார்பன் கொண்ட குட்டை வால். வால் குட்டையானால் உப்புத் தண்ணீரிலும் கொஞ்சம் கரையும். அந்தக் காலக் கப்பல்காரர்கள் இதற்கு ‘மரைன் சோப்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். மீஞ்சூர் பக்கம் போர் தண்ணீரில் சோப்பு திரிகிறது என்று கேட்ட அம்மாவுக்கும் இதுதான் பதில். அங்கே நிலத்தடியில் கடல் ஏறி ரொம்ப வருடமாகிறது.

கொடுங்கையூர், வீட்டில் சோப் ஆயில் தயாரித்து விற்பவர்: சார், ஆசிட் ஸ்லரி, காஸ்டிக், எஸ்.எல்.இ.எஸ். எல்லாம் போட்டு 50 லிட்டர் டிரம்மில் கலக்குறேன். உப்பு போட்டாத்தான் கெட்டியாகும்னு சொல்லிக் கொடுத்தாங்க. போன வாரம் நல்லா தேன் மாதிரி வந்துச்சு. இன்னும் கொஞ்சம் கெட்டியா இருந்தா விலை கேட்கலாமேன்னு ஒரு பாக்கெட் உப்பு சேர்த்தேன். மொத்தமும் தண்ணியாப் போச்சு. 50 லிட்டர் நஷ்டம்.

நஷ்டம் இல்லை அம்மா, கொட்டிவிடாதீர்கள். வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே எங்கள் துறையில் ஆட்கள் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

உங்கள் ஸ்லரியும் எஸ்.எல்.இ.எஸ்.ஸும் சோப்பு மாதிரித் தலையும் வாலும் கொண்ட சர்ஃபாக்டன்ட்கள். சர்ஃபாக்டன்ட் தண்ணீரில் ஓர் அளவைத் தாண்டியதும் வால்களெல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டு தலைகள் வெளியே தெரிகிற மாதிரி உருண்டை உருண்டையாகக் கூடும். அதற்கு மிசெல் என்று பெயர். தலைகளுக்கு எதிர்மின் சுமை. ஒன்றையொன்று தள்ளுவதால் நெருங்கி நிற்க முடியாது, உருண்டையாகத்தான் நிற்க முடியும். உருண்டைகள் தண்ணீரில் தனித்தனியாக ஓடும். திரவம் நீர்த்தே இருக்கும். நீங்கள் உப்பு போட்டதும் சோடியம் அயனிகள் தலைகளுக்கு நடுவே வந்து நிற்கின்றன. தள்ளல் குறைகிறது, தலைகள் நெருங்குகின்றன, உருண்டை நீண்டு குச்சியாகிறது, குச்சி நீண்டு புழுவாகிறது. டிரம்முக்குள் இடியாப்பம் பிழிந்த மாதிரி அவை பின்னிக்கொள்ளும்போது உங்கள் கரண்டி கனக்கிறது. அதுதான் அந்தத் தேன்.

இன்னும் உப்பு போட்டால் அந்த இடியாப்ப இழைகள் ஒன்றோடொன்று இணைந்து கிளை விடுகின்றன. கிளைகள் சேரும் இடம் இழை மேல் நழுவக்கூடியது. பின்னல் இருந்தும் பிடிப்பு போய்விடுகிறது, மறுபடி தண்ணீர். அதற்கும் மேலே போட்டால் சரக்கு பிரிந்தே போகும். கெட்டித்தன்மையை வரைபடமாகப் போட்டால் பரங்கிமலை மாதிரி ஏறி இறங்கும். நீங்கள் உச்சியில் நின்றுகொண்டு இன்னும் ஏறப் பார்த்தீர்கள்.

போட்ட உப்பை எடுக்க வழியில்லை. ஆனால் உப்பே போடாமல் இன்னொரு 50 லிட்டர் செய்து, கெட்டுப்போனதை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். கெட்டியாகும், நிறுத்துங்கள். அடுத்த முறையிலிருந்து உப்பைப் பாக்கெட் கணக்கில் போடாதீர்கள். தராசு வாங்குங்கள். ஒரு லிட்டர் எடுத்து வைத்து, ஒவ்வொரு தடவையும் 5 கிராம் போட்டு நோட்டில் எழுதுங்கள். இன்னொன்று: லாரித் தண்ணீரில் செய்யும் நாளும் போர் தண்ணீரில் செய்யும் நாளும் ஒரே அளவு உப்பு சரிப்படாது. போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

கேட்காத ஒன்று. ஆசிட் ஸ்லரி ஒரு கிலோவுக்குக் காஸ்டிக் சுமார் 120 முதல் 130 கிராம் வரும். காஸ்டிக்கை முதலில் தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, அதில் ஸ்லரியை மெதுவாக ஊற்றுங்கள். கையுறை, கண்ணாடி போடாமல் கிட்டப் போகாதீர்கள். பி.எச். தாள் 7க்கும் 8க்கும் நடுவே காட்டட்டும். அந்த ஸ்லரி எங்கிருந்து பிறக்கிறது தெரியுமா? லீனியர் ஆல்கைல் பென்சீன் என்ற எண்ணெயைச் சல்ஃபர் ட்ரை ஆக்சைடோடு சேர்ப்பதால். அந்த எண்ணெயைத் தயாரிக்கும் ஆலை உங்கள் வீட்டிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் மணலியில்தான் இருக்கிறது.

திருவொற்றியூர், எம்.எஸ்ஸி. மாணவர்: ஆராய்ச்சின்னா தினமும் என்ன செய்வீங்க சார்? ஏதாவது கண்டுபிடிச்சீங்களா?

தினமும் பாத்திரம் கழுவுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வருடம். சோடியம் டோடெசில் சல்ஃபேட், நாங்கள் எஸ்.டி.எஸ். என்போம். அதைத் தண்ணீரில் கரைத்து, செறிவைக் கூட்டிக்கொண்டே பரப்பு இழுவிசையை அளக்க வேண்டும். கருவி ஒரு தராசு. அதன் முனையில் மெல்லிய பிளாட்டினம் கம்பி வளையம். பர்னர் நெருப்பில் காட்டினால் வளையம் செவசெவ என்று சிவக்கும். ஒட்டியிருந்த அழுக்கெல்லாம் எரிந்துபோகும். ஆறியதும் தண்ணீரில் தொட்டு மேலே இழுத்தால் வளையத்தோடு தண்ணீர் ஒரு மெல்லிய பாவாடை மாதிரி எழும்பி, பட்டென்று அறுபடும். அறுபடும் விசைதான் கணக்கு. சுத்தத் தண்ணீருக்கு 25 டிகிரியில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எஸ்.டி.எஸ். சேர்க்கச் சேர்க்க இது இறங்கும். லிட்டருக்குச் சுமார் 8 மில்லிமோல் வந்ததும் மிசெல் உருவாக ஆரம்பிக்கும். அதற்கு மேல் கோடு படுக்கையாகிவிட வேண்டும்.

எனக்குப் படுக்கவில்லை. அந்த 8க்கு முன்னால் கோடு பள்ளத்தில் விழுந்து, பிறகு மேலே ஏறியது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் பள்ளம். அன்று ராத்திரி கடைசி ரயிலில் வீடு திரும்பும்போது அந்தப் பள்ளத்துக்கு என் பெயர் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். மறுநாள் வழிகாட்டிப் பேராசிரியர் வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்தார். ‘ஆல்கஹாலில் கரைத்து மறுபடி படிகமாக்கு’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான்கு தடவை படிகமாக்கினேன். ஒவ்வொரு தடவையும் பள்ளம் ஆழம் குறைந்தது. ஐந்தாவது தடவை கோடு படுத்துவிட்டது. பள்ளம் எஸ்.டி.எஸ்.ஸுடையது இல்லை, அதில் கலந்திருந்த துளியூண்டு டோடெக்கனாலுடையது. எஸ்.டி.எஸ். தண்ணீரில் மெல்லச் சிதையும்போது அதுவே இந்த ஆல்கஹாலை உண்டாக்கும். டோடெக்கனால் மேற்பரப்பில் போய்க் குவிந்துகொள்ளும். மிசெல் வந்ததும் அதற்குள் கரைந்து காணாமல் போகும். அதனால்தான் இறங்கி ஏறுகிறது. நான் ஆறு வாரம் அளந்தது அழுக்கை.

கண்டுபிடித்தேனா என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. மிசெல்லுக்குள் ஒளி பட்டு எலக்ட்ரான் ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், அது திரும்பி ஓடிவராமல் எப்படித் தடுப்பது என்பதில் சில கட்டுரைகள். ஒரு நாற்பது பேர் படித்திருப்பார்கள்.

ராயபுரம், பள்ளி ஆசிரியை: மிசெல்லில் அறுபது மூலக்கூறு இருக்குன்னு புத்தகத்தில் போட்டிருக்கு. கண்ணுக்குத் தெரியாத உருண்டைக்குள் யார் போய் எண்ணினாங்கன்னு ஒரு பொண்ணு கேட்டா. என்கிட்ட பதில் இல்லை.

அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள். எஸ்.டி.எஸ். மிசெல் குறுக்கே சுமார் 4 நானோமீட்டர்தான். எண்ணுவதற்குப் பல வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது 1978இல் டுரோ, யெக்டா என்ற இரண்டு வேதியியலாளர்கள் காட்டிய வழி. ஷேர் ஆட்டோவை வைத்துச் சொல்கிறேன்.

சென்ட்ரலிலிருந்து எத்தனை ஷேர் ஆட்டோ கிளம்புகின்றன என்று தெரியாது. ஏறியவர்கள் மொத்தம் நூறு பேர் என்று மட்டும் தெரியும். வாசலில் நின்று, எத்தனை சதவீத ஆட்டோ காலியாகப் போகிறது என்று பார்க்கிறீர்கள். ஆட்கள் இஷ்டத்துக்கு ஏறினார்கள் என்றால், காலி ஆட்டோவின் விகிதத்தை வைத்தே மொத்த ஆட்டோவைக் கணக்குப் போட்டுவிடலாம். 37 சதவீதம் காலி என்றால் சராசரியாக ஆட்டோவுக்கு ஒரு ஆள்; ஆக ஆட்டோ நூறு. இதற்குப் பாய்சான் கணக்கு என்று பெயர். ஆட்டோதான் மிசெல். ஆள் என்பது ஒளியை அணைக்கும் மூலக்கூறு. முன்கூட்டியே மிசெல்லில் ஒளிரும் ருத்தேனியம் சேர்மம் ஒன்றை வைத்திருப்போம். அணைப்பான் ஏறிய மிசெல் இருட்டு, ஏறாத மிசெல் வெளிச்சம். மிச்சமிருக்கும் வெளிச்சத்தை அளந்தால் மிசெல் எத்தனை என்று தெரியும். போட்ட எஸ்.டி.எஸ்.ஸில் தனியாகத் திரியும் 8 மில்லிமோலைக் கழித்து, மிச்சத்தை மிசெல் எண்ணிக்கையால் வகுத்தால் அறுபதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இந்தப் பக்கத்தில் நம்மவர் ஒருவரையும் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். பைரீன் என்ற மூலக்கூறு ஒளிரும்போது அந்த ஒளியை வரைபடமாகப் போட்டால் ஐந்து சிகரங்கள் தெரியும். முதல் சிகரத்துக்கும் மூன்றாவதற்கும் உள்ள விகிதம் அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். தண்ணீரில் சுமார் 1.8, ஹெக்சேன் என்ற எண்ணெய் மாதிரித் திரவத்தில் சுமார் 0.6. மிசெல் உருவாகிவிட்டதா, அதன் உட்புறம் எவ்வளவு ஈரம் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். 1977இல் இதை எழுதியவர்கள் கு. கல்யாணசுந்தரமும் ஜே.கே. தாமஸும். கல்யாணசுந்தரம் பிறகு சுவிட்சர்லாந்தில் லோசான் ஆய்வகத்தில் சூரிய ஒளி வேதியியலில் உழைத்தவர். 1998 பொங்கலன்று பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்ற மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவரும் அவரேதான். அந்த நூல்களைப் படிக்கிறவர்களுக்குப் பைரீன் தெரியாது, பைரீன் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த நூல்கள் தெரியாது.

அதே பெண்ணுக்கு இன்னொரு பெயர், ஆக்னஸ் பொக்கெல்ஸ். ஜெர்மனி. கல்லூரி வாசல் பெண்களுக்குத் திறக்காத காலம். சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற தண்ணீரைப் பார்த்துப் பார்த்து, ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மேலே குறுக்காக ஒரு தகரப் பட்டை வைத்து நகர்த்தி, பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை நெருக்கினார். தராசில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டு இழுவிசை அளந்தார். 1891 ஜனவரியில் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ரேலே அதை நேச்சர் இதழுக்கு அனுப்பி, அந்த மார்ச்சிலேயே அச்சாயிற்று. பின்னால் அமெரிக்க வேதியியலாளர் லாங்முயர் பயன்படுத்திய தொட்டிக்கு அதுதான் மூலம். லாங்முயருக்கு 1932இல் நோபல்.

பழைய வண்ணாரப்பேட்டை, பெயர் வேண்டாம் என்றவர்: எங்க தாத்தா வெள்ளாவி வெச்சவர். சோடா கூட இல்லாம உவர்மண்ணுலயே வெளுத்தாங்கன்னு அப்பா சொல்வார். அதில் என்ன அறிவியல்னு நீங்க சொல்லணும்.

என் கல்லூரிப் பாடத்தில் இருந்ததைவிட அதிகம் இருந்தது. உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட். துணியில் படிந்த வியர்வையிலும் உடம்பு எண்ணெய்ப் பிசுக்கிலும் கொழுப்பமிலங்கள் உண்டு. உவர்நீரில் ஊறிய துணியை வெள்ளாவியில் அடுக்கி ராத்திரி முழுக்க ஆவி விட்டால், காரமும் சூடும் சேர்ந்து அந்தக் கொழுப்பமிலத்தையே சோப்பாக்கிவிடும். அழுக்கிலிருந்தே அழுக்கைப் போக்கும் சரக்கு. வெளியிலிருந்து சோப்பு வாங்க வேண்டியதே இல்லை.

அடுத்தது வெயில். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியை வெளுத்தவர்களால்தான் நம் பேட்டைக்கே பெயர். அவர்கள் கடைசி வேலையைச் சூரியனிடம் விட்டார்கள். நிறம் என்றால் ஒளியை விழுங்கும் மூலக்கூறு. விழுங்கியதும் அதற்கு வெறி ஏறும்; பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனோடு மல்லுக்கு நின்று உடையும். உடைந்தால் நிறம் போச்சு. வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளைத் துணியில் மஞ்சள் தண்ணீர் தடவிக் காயவிடுங்கள். பாதியைக் கனமான அட்டையால் மூடி மொட்டை மாடியில் பகல் வெயிலில் வைத்துச் சாயங்காலம் எடுங்கள். மூடாத பாதி வெளிறியிருக்கும், மூடிய பாதி அப்படியே இருக்கும். அந்தப் பாதியில் சோப்பு வைத்தால் சிவக்கும். காரத்தில் மஞ்சளின் குர்குமின் நிறம் மாறும். எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். எந்த அம்மாவும் குழம்புக் கறைச் சட்டையை நிழலில் உலர்த்த மாட்டாள், கவனித்திருக்கிறீர்களா?

இப்போது பவுடரில் வருகிற வெண்மை வேறு தந்திரம். துணியில் ஒட்டும் ஒரு பொருள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை விழுங்கி நீலமாகத் திருப்பித் தரும். கல்யாண மண்டபத்து ஊதா விளக்கில் வெள்ளைச் சட்டை பேய் மாதிரி ஒளிர்வது அதனால்தான். அழுக்கு போகவில்லை, கண்ணை ஏமாற்றுகிறது. நீலம் போட்டதும் ஏமாற்றுதான். ஆனால் அது மஞ்சள் ஒளியை விழுங்கி ஏமாற்றும், இது ஒளியைக் கூட்டி ஏமாற்றும்.

என் அப்பா பின்னி மில்லில் சாயப் பிரிவில் இருந்தார். வெயிலில் வெளுக்காத காக்கி வேண்டும் என்று அங்கே தவம் கிடந்தார்கள். இரண்டு தெரு தள்ளி, வெயிலில் வெளுக்க வேண்டும் என்று தவம். இரண்டுக்கும் நடுவே வளர்ந்தவன் ஒளி வேதியியலுக்குப் போகாமல் எங்கே போவான்?

எண்ணூர், மீனவர் குடும்பம்: 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட ஆத்துல எண்ணெய் வந்துச்சே, அதை மக்குல அள்ளினோம். ஏன் அது தார் மாதிரி ஆச்சு? சோப்புத்தண்ணி அடிச்சுக் கரைச்சிருக்கலாமே?

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதியபோதும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அப்போதும் வாளியில்தான் அள்ளினார்கள்.

கன எண்ணெயில் ஆஸ்ஃபால்டீன் என்ற பொருள்கள் உண்டு. அவை தாமாகவே சர்ஃபாக்டன்ட் வேலை செய்யும். அலை அடிக்க அடிக்க, தண்ணீர்த் துளிகள் எண்ணெய்க்குள் புகுந்து, அவற்றைச் சுற்றித் தோல் போட்டுக்கொள்ளும். பால்மம் என்போம், பாலில் தண்ணீருக்குள் கொழுப்பு, இங்கே எண்ணெய்க்குள் தண்ணீர். எடையில் பாதிக்கு மேல் தண்ணீராகக்கூட இருக்கும். கடலில் விழுந்தது ஒரு வாளி என்றால் நீங்கள் அள்ளியது மூன்று நான்கு வாளி. மோட்டாருக்கும் அடைப்பு, வாளியிலிருந்து கீழேயும் விழாது.

சோப்பு அடிப்பது எண்ணெயை ஒழிப்பதில்லை. சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீருக்குள் இறக்கும். ஆழ்கடலில், அலையும் ஆழமும் இருக்கும் இடத்தில், அதற்கென்று செய்த மருந்தை அடிப்பதுண்டு. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் அடித்தார்கள். நல்லதா கெட்டதா என்ற சண்டை அங்கேயே இருக்கிறது. கழிமுகத்தில் ஆழம் இடுப்பளவு. அங்கே அடித்தால் மேலே மிதந்தது இறாலுக்கும் நண்டுக்கும் போய்ச் சேரும், அலையாத்தி வேரில் அப்பும். ஆக, அள்ளியதே சரி. வெறுங்கையால் அள்ளவிட்டதுதான் சரியில்லை. கையில் ஒட்டியதை மண்ணெண்ணெயால் தேய்க்காதீர்கள், தோல் போய்விடும். சமையல் எண்ணெய் தடவித் தளர்த்தி, பழந்துணியால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு போடுங்கள்.

பெரம்பூர்: சல்ஃபேட் உள்ள ஷாம்பு போட்டா கேன்சர் வரும்னு வாட்ஸாப்பில் வருது.

வராது. நான் மேலே சொன்ன எஸ்.டி.எஸ்.ஸும் ஷாம்பில் வரும் சல்ஃபேட்தான். அது தோலை எரிச்சலூட்டும், அது உண்மை. தோல் எரிச்சலைச் சோதிக்கும் ஆய்வில் அதைத்தான் அளவுகோலாகத் தடவுவார்கள். தலை அரித்தால் மாற்றுங்கள்.

வியாசர்பாடி: நுரை அதிகம் வந்தாத்தானே அழுக்கு போகும்?

இல்லை. நுரை என்பது காற்றைப் பிடிப்பது; சலவை என்பது எண்ணெய் அழுக்கைப் பிடிப்பது. முன்பக்கம் திறக்கும் மெஷினுக்கு நுரை குறைந்த பவுடர் விற்கிறார்கள், அழுக்கு போகத்தான் செய்கிறது. ஆனால் எனக்கும் நுரை இல்லாமல் குளித்தால் குளித்த மாதிரி இருப்பதில்லை. 2019 கடைசியில் மெரினா பக்கம் கரையோரம் முழங்கால் உயரத்துக்கு நுரை நின்றபோது பிள்ளைகள் அதில் விளையாடினார்களே, அதையும் இதையும் சேர்த்து யோசியுங்கள். அது சுத்திகரிக்காத சாக்கடைத் தண்ணீரின் நுரை.

மூலக்கடை: கலங்கின தண்ணியில் படிகாரம் சுத்தினா தெளியுதே, எப்படி?

களிமண் துகள்களுக்கு எதிர்மின் சுமை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். அலுமினியத்துக்கு மூன்று நேர்மின் சுமை. சோடியம் செய்கிற வேலையைப் பல நூறு மடங்கு குறைந்த அளவில் செய்துவிடும். சுமை போனதும் துகள்கள் ஒட்டிக் கனத்து இறங்கும். தேற்றாங்கொட்டையை உரசினாலும் தெளியும். அது ஒட்டும் நீள மூலக்கூறுகளின் வேலை. கலித்தொகையிலேயே அதற்கு உவமை இருக்கிறது. ஆனால் தெளிந்தது குடிக்கத் தகுந்தது ஆகாது. கிருமிக்குக் கொதிக்கவைக்க வேண்டும்.

எர்ணாவூர், பி.எஸ்ஸி. இறுதி ஆண்டு மாணவி: வீட்டில் பி.எட். படின்னு சொல்றாங்க சார். எனக்கு ஆராய்ச்சி ஆசை. இந்தத் துறையில் வேலை கிடைக்குமா?

பி.எட். மட்டமில்லை அம்மா, ஆனால் ஆசை இருந்தால் எம்.எஸ்ஸி. சேர்ந்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023இலிருந்து மாதாமாதம் 37,000 ரூபாய். வீட்டில் பேச அந்த எண் உதவும். சென்னையிலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோல் பதனிடுவதே கூழ்ம வேதியியல்தான். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் இருக்கிறது; அங்கே லேசர் துடிப்பில் ஒளி வேதியியல் பார்ப்பார்கள். கூழ்மம் தெரிந்தவளைப் பெயின்ட், இங்க், மருந்து, பூச்சிமருந்து, அழகுசாதனம் என்று எல்லோருக்கும் வேண்டும். கம்பெனி விளம்பரத்தில் ‘கொல்லாய்டு’ என்று தேடாதே, ‘ஃபார்முலேஷன்’ என்று தேடு. இந்த ஒரு சொல் தெரியாமல் என் மாணவன் ஒருவன் எட்டு மாதம் சும்மா இருந்தான்.

தண்டையார்பேட்டை, என் பக்கத்துத் தெருக்காரர்: கோபப்படாதீங்க. முப்பத்தாறு வருஷம் அரசாங்கப் பணத்துல பேப்பர் எழுதினீங்க. நம்ம பக்கிங்ஹாம் கால்வாய் இன்னும் அப்படியேதானே இருக்கு?

கோபம் இல்லை. அந்தக் கால்வாயைத் தாண்டித்தான் நானும் தினமும் வேலைக்குப் போனேன். என் கட்டுரைகளால் அது ஒரு துளியும் சுத்தமாகவில்லை.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 1950களில் வந்த டிடர்ஜென்டின் வால் கிளை விட்டது. நுண்ணுயிர்களால் அதைக் கடித்துத் தின்ன முடியவில்லை. ஐரோப்பாவில், அமெரிக்காவில் ஆறுகள் நுரைத்துக்கொண்டு ஓடின. கிளையில்லாத நேர் வால் என்றால் நுண்ணுயிர் தின்றுவிடும் என்று கண்டார்கள். ஜெர்மனியில் 1964இல் சட்டம் அமலுக்கு வந்தது, அமெரிக்க ஆலைகள் 1965க்குள் மாறின. மணலியில் தயாராவது அந்த நேர் வால்தான். அதைச் செய்தவர்களும் என்னைப் போல எங்கோ உட்கார்ந்து பாத்திரம் கழுவியவர்கள்தான். ஆனால் நுண்ணுயிர் தின்பதற்குத் தண்ணீரில் ஆக்சிஜன் வேண்டும். நம் கால்வாயில் அதுகூட மிச்சமில்லை. அதற்கு வேதியியல்காரன் போதாது. சாக்கடையைச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும் என்று விடாமல் கேட்கிற ஆள் வேண்டும். நானும் போன மாதம் மனு கொடுத்தேன். ரசீது வாங்கி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் வந்து பாருங்கள்.

கொடுங்கையூர், மறுபடியும்: சார், நீங்க சொன்ன மாதிரி உப்பு போடாத சரக்குல கொஞ்சம் கொஞ்சமா கலந்தேன். கெட்டியாயிடுச்சு! ரெண்டு டிரம்மும் வித்துடுவேன். ஆனா பாட்டில்ல ஊத்தி ஒரு நாள் வெச்சா லேசா கலங்குது.

சந்தோஷம் அம்மா. கலங்குவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். இரண்டாவது டிரம்மைப் போர் தண்ணீரில் செய்திருந்தால் கால்சியம் ஸ்லரியைப் பிடித்துப் படிய வைக்கிறது. இல்லையென்றால் உப்பு இன்னும் கொஞ்சம் அதிகம்; சரக்கு பிரியும் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு டம்ளரில் எடுத்து அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தெளிந்தால் உப்பு. தெளியவில்லை என்றால் கால்சியம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் ஒரு பாட்டிலும், அந்த உப்புப் பாக்கெட்டும், நோட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நோட்டு இல்லாமல் வந்தால் டீ மட்டும்தான் கிடைக்கும்.